நானோ கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை விண்ணப்பம் தயாரிப்பது எப்படி?

ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளை நூறு நானோமீட்டருக்குக் (ஒரு நானோமீட்டர் என்பது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) கீழே கொண்டுவந்துவிட்டோம் என்பதை மட்டுமே நம்பித் தயாரிக்கப்படும் விண்ணப்பம், காப்புரிமை அலுவலகத்தின் முதல் ஆட்சேபணையிலேயே ஆட்டம் கண்டுவிடும். பொருள் சிறியதானதால் புதிதாக என்ன நடந்தது, அது எந்த அளவில் தொடங்கி எந்த அளவில் முடிகிறது, அதை எந்தக் கருவியால் எப்படி அளந்தீர்கள் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் ஆய்வகக் குறிப்பேட்டிலேயே பதில் இருக்க வேண்டும். நானோ துறையில் காப்புரிமையின் வலிமை வழக்கறிஞரின் மேசையில் பிறப்பதைவிட அளவீட்டு மேசையில் பிறப்பதே அதிகம் என்பது என் உறுதியான கருத்து. அதனால் இந்த வழிகாட்டியில் சட்ட நடைமுறையைச் சுருக்கமாகவும், அளவீட்டையும் உரிமைக்கோரல் (எதற்கெல்லாம் காப்பு கேட்கிறோம் என்று எண்ணிட்டுச் சொல்லும் பகுதி) எழுதுவதையும் விரிவாகவும் சொல்கிறேன்.

காப்புரிமை பெரும்பாலும் நாட்டுக்கு நாடு தனித்தனியாகத் தரப்படும் உரிமை. உலகம் முழுவதற்கும் ஒரே காப்புரிமை என்று எதுவும் இல்லை. கீழே சொல்லப்படும் பொதுவான வழிமுறை எங்கும் பயன்படும் என்றாலும், இறுதி வடிவத்தை அந்தந்த நாட்டில் பதிவுபெற்ற காப்புரிமை முகவரிடம் காட்டாமல் அனுப்ப வேண்டாம்.

வெளியே சொல்வதற்கு முன்

புதுமைதான் முதல் நிபந்தனை. விண்ணப்பம் பதிவாகும் நாளுக்கு முன் அந்தத் தகவல் உலகின் எந்த மூலையிலும் பொதுமக்களுக்கு எட்டியிருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய முறையின் அடிப்படை. வெளியிட்டவர் கண்டுபிடித்தவரே என்றாலும் அங்கே விதிவிலக்கு கிடைப்பது மிக அரிது. அமெரிக்காவும் ஜப்பானும் கண்டுபிடித்தவர் தாமே வெளியிட்டதற்கு 12 மாதச் சலுகைக் காலம் தருகின்றன. அந்தச் சலுகையை நம்பி ஒரு கருத்தரங்கில் பேசிவிட்டால், அமெரிக்காவின் கதவு திறந்திருக்கும்போதே ஐரோப்பாவின் கதவு மூடிவிடும்.

நானோ ஆய்வில் தகவல் கசிவதற்கான வழிகள் மற்ற துறைகளைவிட அதிகம். ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி போன்ற கருவிகள் பெரும்பாலும் வேறொரு மையத்தில் இருக்கும். மாதிரியைக் கொண்டுபோய்க் கொடுத்துப் படம் எடுத்து வருவோம். அந்த மையத்தோடு ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். கருத்தரங்கச் சுருக்கவுரை, சுவரொட்டி, நூலகத்தில் சேர்க்கப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடு, அச்சுக்கு முந்தைய இணையப் பதிவு எல்லாமே வெளியீடுதான். எந்தப் பத்து நிமிட உரையாக இருந்தாலும், விண்ணப்பம் பதிவான மறுநாள் அதைப் பேசினால் ஏற்கெனவே பதிவானவற்றுக்குப் பாதிப்பு இல்லை (பிறகு சேர்ப்பவற்றுக்கு உண்டு, அதைக் காலக்கணக்கில் சொல்கிறேன்); ஒரு நாள் முன்பு பேசினால் ஈடுசெய்ய முடியாத இழப்பு ஏற்படலாம்.

கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பதையும் இதே கட்டத்தில் தீர்த்துவிடுங்கள். ஒரு நானோ மருந்துக் கண்டுபிடிப்பில் வேதியியலாளர், இயற்பியலாளர், மருத்துவர் என்று மூன்று நிறுவனங்களின் ஆட்கள் கைகோத்திருப்பது சாதாரணம். ஒப்பந்தத்தின் ஒரே ஒரு வினைச்சொல் எப்படி உடைமையை மாற்றிவிடும் என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கும் ரோஷ் நிறுவனத்துக்கும் இடையே நடந்து, 2011இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு நல்ல பாடம். ஆய்வாளர் தம் பல்கலைக்கழகத்திடம் உரிமையை "ஒப்படைக்கச் சம்மதிக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு பயிற்சிக்காகச் சென்ற நிறுவனத்தில் (அதன் உரிமைகளே பின்னர் ரோஷுக்கு வந்தன) "இதன்மூலம் ஒப்படைக்கிறேன்" என்று கையெழுத்திட்டார். முன்னது வாக்குறுதி, பின்னது உடனடிக் கைமாற்றம் என்று கொள்ளப்பட்டதால் பல்கலைக்கழகம் தன் தனியுரிமையை இழந்தது. உங்கள் பணி ஒப்பந்தத்திலும் மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தத்திலும் எந்த வினைச்சொல் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள்.

தேடுவது எப்படி

ஏற்கெனவே வெளியானவற்றைத் தேடும்போது இந்தத் துறைக்கே உரிய ஒரு சிக்கல் எதிர்ப்படும்: ஒரே பொருளுக்குப் பல பெயர்கள். கார்பன் நானோகுழாய் என்றதும் எல்லோரும் 1991இல் சுமியோ ஈஜிமா வெளியிட்ட கட்டுரையை நினைப்பார்கள். அந்தக் கட்டுரையின் தலைப்பிலேகூட "நானோகுழாய்" என்ற சொல் இல்லை. "நுண்குழாய்கள்" என்றே அவர் எழுதினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1987இல், ஹைபீரியன் கேடலிசிஸ் நிறுவனத்துக்கு வழங்கப்பட்ட 46,63,230 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமை, சுமார் 3.5 முதல் 70 நானோமீட்டர் வரை விட்டமும், ஒழுங்காக அடுக்கப்பட்ட கார்பன் அணுக்களின் பல வெளி அடுக்குகளும், வேறுபட்ட உள்ளீடும் கொண்ட உருளை வடிவ "கார்பன் இழைகளை" உரிமை கோரியிருந்தது. பலசுவர்க் கார்பன் நானோகுழாய் என்று இன்று நாம் சொல்வதன் வருணனை அது. "நானோகுழாய்" என்று மட்டும் தட்டச்சு செய்து தேடியவர் கண்ணில் அது பட்டிருக்காது.

ஓரணு தடிமனுள்ள கார்பன் தகடான கிராஃபீனிலும் இதே பாடம் உண்டு. இயற்பியலாளர்கள் கைமும் நோவோசெலோவும் அதைப் பற்றிய தம் கட்டுரையை 2004இல் வெளியிட்டார்கள். "நானோ அளவுக் கிராஃபீன் தகடுகள்" பற்றிய ஓர் அமெரிக்க விண்ணப்பம் 2002 அக்டோபரிலேயே பதிவாகி, 2006இல் காப்புரிமையாக வழங்கப்பட்டது. ஆய்விதழ்களை மட்டும் படிப்பவருக்கு வரலாறு 2004இல் தொடங்குகிறது. காப்புரிமை ஆவணங்களையும் படிப்பவருக்கு அப்படி இல்லை.

ஆகவே சொல்லால் மட்டும் தேடாமல் வகைப்பாட்டுக் குறியீட்டாலும் தேடுங்கள். நானோ கட்டமைப்புகளின் பயன்பாடு, அளவீடு, தயாரிப்பு ஆகியவற்றுக்கென்று பி82ஒய் என்ற துணை வகுப்பு 2011 முதல் பன்னாட்டு வகைப்பாட்டில் இருக்கிறது. அதற்கு முன் ஐரோப்பிய அலுவலகம் ஒய்01என் என்ற அடையாளத்தையும், அமெரிக்க அலுவலகம் 977 என்ற வகுப்பையும் பயன்படுத்தின. இந்தக் குறியீடு கூடுதல் அடையாளமாகத்தான் போடப்படுகிறது என்பதால், பூச்சு, வினையூக்கி, மருந்து, குறைக்கடத்தி என்று பொருளின் சொந்த வகுப்பிலும் தேடுவது அவசியம். எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் ஆகிய மூன்று காப்புரிமைத் தரவுத்தளங்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. "நானோ" என்ற சொல் பரவுவதற்கு முன் "கூழ்மம்", "மிக நுண்ணிய தூள்", "நுண்படிகம்" போன்ற சொற்களே வழங்கின. 1980களுக்கு முந்தைய ஆவணங்களை அவற்றைக் கொண்டே தேட வேண்டும். ஆங்ஸ்ட்ராம் அலகிலும் தேடுங்கள்: 50 நானோமீட்டர் என்பது பழைய ஆவணத்தில் 500 ஆங்ஸ்ட்ராம் என்று இருக்கும்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் முன்னுரிமைத் தேதியிலிருந்து (முதல் விண்ணப்பம் பதிவான நாளிலிருந்து) 18 மாதம் கழித்தே வெளியாகின்றன. எவ்வளவு கவனமாகத் தேடினாலும் கடைசி ஒன்றரை ஆண்டு இருட்டில்தான் இருக்கும். அதனால் விண்ணப்பித்து ஒன்றரை ஆண்டு கழிந்ததும் தேடலை மறுபடியும் ஒரு முறை செய்வது வழக்கமாகட்டும்.

யாரும் அறியாமலே நானோதுகள்கள் பொருள்களில் இருந்துவந்திருக்கின்றன என்பதும் நினைவிலிருக்கட்டும். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானிய லைகர்கஸ் கிண்ணத்தின் கண்ணாடி, முன்னிருந்து ஒளி பட்டால் பச்சையாகவும் பின்னிருந்து பட்டால் சிவப்பாகவும் தெரிவதற்கு அதிலுள்ள தங்க, வெள்ளி நானோதுகள்களே காரணம். மைக்கேல் ஃபாரடே 1857இலேயே கூழ்மத் தங்கத்தின் நிறத்தை ஆராய்ந்து எழுதினார். பழைய பொருளில் ஏற்கெனவே இருந்த கட்டமைப்பைப் புதிய நுண்ணோக்கியால் முதலில் பார்த்தவர் என்பதற்காக அந்தப் பொருளுக்கு உரிமை கேட்க முடியாது. புதிதாகக் கண்ட அறிவைக் கொண்டு புதிய தயாரிப்பு முறையையோ புதிய பயன்பாட்டையோ உருவாக்கினால், அதற்குக் கேட்கலாம்.

அளவு குறைந்தது மட்டும் போதாது

உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கை எல்லாத் தொழில்நுட்பத் துறைகளுக்கும் ஒரே அளவுகோலைத்தான் வைக்கிறது: புதுமை, துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாத படிநிலை, தொழிலில் பயன்படும் தன்மை. நானோ என்பதற்காகச் சலுகையும் இல்லை, கூடுதல் தடையும் இல்லை. ஆனால் இரண்டாவது நிபந்தனைதான் இந்தத் துறையில் உண்மையான களம்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு இறுதிவரை அதையே பின்தொடர்வோம். மரப் பரப்புகளின் மீது பூசும் ஒளி ஊடுருவும் பூச்சில், புற ஊதாக் கதிரைத் தடுக்கத் துத்தநாக ஆக்சைடு துகள்களைச் சேர்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். துகளைச் சிறிதாக்கியதும் வெண்மை மறைந்து பூச்சு தெளிவாகிவிட்டது. மகிழ்ச்சியோடு விண்ணப்பம் எழுதுகிறீர்கள். விண்ணப்பத்தை ஆராயும் அலுவலகத் தேர்வாளர் உடனே மறுக்கிறார். ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள் சிதறடிக்கும் ஒளியின் அளவு விட்டத்தின் ஆறாம் படியைப் பொறுத்தது என்பது நூறாண்டுக்கும் மேலாகத் தெரிந்த இயற்பியல். துகள் சிறுத்தால் தெளிவு கூடும் என்பது எவரும் எதிர்பார்க்கக்கூடியது. எதிர்பார்த்தது நடந்தால் அதற்குக் காப்புரிமை இல்லை.

இனி, இதே ஆய்வில் எதிர்பாராதது என்ன என்று தேடுங்கள். துத்தநாக ஆக்சைடு ஒளிவினையூக்கியும்கூட, அதாவது ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும். துகள் சிறுத்தால் மொத்த மேற்பரப்பு பெருகும். மேற்பரப்பு பெருகினால் சுற்றியுள்ள பிணைப்பியை (துகள்களைப் பிடித்துவைக்கும் பிசின்) அது வேகமாகச் சிதைத்து மஞ்சளாக்கும் என்றே துறை அறிந்தவர் அஞ்சுவார். சிலேன் (சிலிக்கான் கொண்ட ஒரு வேதிச் சேர்மம்) அடுக்கு பூசி அதைக் குறைக்கலாம் என்பதும் புதிதல்ல. ஆனால் ஒரு குறிப்பிட்ட சிலேனைக் குறிப்பிட்ட விகிதத்தில் பூசியபோது, 25 முதல் 45 நானோமீட்டர் வரையிலான இடைவெளியில் மட்டும் மஞ்சளாவது சடாரென்று குறைந்து, அதற்குக் கீழேயும் மேலேயும் குறையவில்லை என்று உங்கள் தரவு காட்டினால், கண்டுபிடிப்பு அங்கேதான் இருக்கிறது. துறை எதற்கு அஞ்சியதோ அதற்கு எதிராக வந்த முடிவுதான் மறுப்புக்குச் சரியான பதில்.

முந்தைய ஆவணம் "1 நானோமீட்டர் முதல் 1 மைக்ரோமீட்டர் வரை" என்று அகலமாகச் சொல்லியிருந்தால், அதற்குள் ஒரு சிறிய பகுதியை நீங்கள் கோருவது எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்பது நாட்டைப் பொறுத்தது. ஐரோப்பிய அலுவலகத்தில் அந்த உட்பகுதி குறுகியதாகவும், பழைய ஆவணத்தின் எடுத்துக்காட்டுகளிலிருந்தும் எல்லைகளிலிருந்தும் போதிய தொலைவிலும் இருந்தால் அது புதியதாகக் கொள்ளப்படும். எளிதில் தோன்றாததா என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவில், அளவெல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலே எளிதில் தோன்றக்கூடியது என்ற தொடக்க முடிவுக்கு வந்துவிடுவார்கள். உங்கள் எல்லைக்குள் மட்டும் நிகழும் எதிர்பாராத விளைவைக் காட்டி அதை நீங்கள் உடைக்க வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. பழைய ஆவணம் அந்த அளவை எழுத்தில் சொன்னாலும், அக்காலத்து முறையால் அதைச் செய்து காட்ட முடியாது என்று நிறுவுவது அது. அலுமினியம் ஆக்சைடு நானோதுகள்கள் பற்றிய ஒரு வழக்கில், 2005இல், அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வாதத்தைக் கேட்காமல் தள்ளக் கூடாது என்று சொன்னது. ஆகவே பழைய முறையை உங்கள் ஆய்வகத்திலேயே செய்து பார்த்து, கிடைத்தது என்ன அளவு என்று தேதியிட்டு எழுதி வையுங்கள்.

மருந்துத் துறையில் இருப்பவர்கள் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவைத் தனியாகப் படிக்க வேண்டும். தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், அதன் செயல்திறனைக் கூட்டாதவரை, அங்கே கண்டுபிடிப்பே ஆகாது. அப்பிரிவின் விளக்கத்தில் "துகள் அளவு" என்ற சொற்கள் நேரடியாகவே இடம்பெற்றுள்ளன. நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனத்தின் வழக்கில் 2013 ஏப்ரல் 1 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், மருந்தைப் பொறுத்தவரை செயல்திறன் என்பது நோய் தீர்க்கும் திறன் என்று விளக்கியது. கரைதிறன் கூடியது, உடலில் உறிஞ்சப்படும் அளவு உயர்ந்தது என்பவற்றோடு நிறுத்திவிடாமல், அதனால் சிகிச்சைப் பலன் எப்படிக் கூடியது என்ற தரவையும் சேர்ப்பதே தற்காப்பு.

எந்த அளவு, எப்படி அளந்த அளவு

"சராசரித் துகள் அளவு 40 நானோமீட்டர்" என்ற தொடர் படிக்கத் தெளிவாக இருக்கிறது. உண்மையில் அதற்குப் பொருளே இல்லை. ஒரே குப்பியிலிருந்து எடுத்த மாதிரியை ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் உலர்ந்த துகளின் திண்ம விட்டம் தெரியும். நூற்றுக்கணக்கான துகள்களை எண்ணிச் சராசரி எடுத்தால் அது எண்ணிக்கைச் சராசரி. அதே மாதிரியை டைனமிக் லைட் ஸ்கேட்டரிங் என்ற ஒளிச்சிதறல் கருவியில் வைத்தால், நீரில் அசையும் துகளின் விட்டம், அதன்மேல் ஒட்டியிருக்கும் மூலக்கூறு அடுக்கையும் கரைப்பான் படலத்தையும் சேர்த்துக் கிடைக்கும். அந்தச் சராசரி ஒளிச்செறிவை ஒட்டியது. முன்பு சொன்ன ஆறாம் படி இங்கேயும் வேலை செய்கிறது: 100 நானோமீட்டர் துகள் ஒன்று, 10 நானோமீட்டர் துகளைப்போலப் பத்து லட்சம் மடங்கு ஒளியைச் சிதறடிக்கும். சில பெரிய திரள்கள் இருந்தாலே போதும், சராசரி மேலே இழுக்கப்பட்டுவிடும். எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் கோட்டின் அகலத்திலிருந்து கணக்கிட்டால் கிடைப்பது படிகத்துணுக்கின் அளவு. ஒரு துகளில் பல துணுக்குகள் இருக்கலாம். வாயு உட்கவர்ந்து மேற்பரப்பை அளந்து கணக்கிட்டால் வேறொரு எண் வரும். ஒரே பொடிக்கு நான்கு நேர்மையான எண்கள்.

இப்போது போட்டியாளரின் பொருளை நினைத்துப் பாருங்கள். நுண்ணோக்கியில் 38, ஒளிச்சிதறலில் 71. உங்கள் எல்லை 25 முதல் 45. அவர் உங்கள் உரிமையை மீறினாரா, இல்லையா? விண்ணப்பத்தில் அளவீட்டு முறையைச் சொல்லாவிட்டால் இரு தரப்பும் தமக்குச் சாதகமான கருவியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதைவிட மோசம், உரிமைக்கோரலே தெளிவற்றது என்று நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம். கோபாக்சோன் மருந்து தொடர்பான டேவா, சாண்டோஸ் நிறுவனங்களின் வழக்கில் அதுதான் நடந்தது. "மூலக்கூறு எடை" என்று எழுதியிருந்தார்கள். எண்ணிக்கைச் சராசரியா, எடைச் சராசரியா, உச்சப் புள்ளியின் எடையா என்று சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பிய அந்த வழக்கில், 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உரிமைக்கோரல்கள் தெளிவற்றவை என்று முடிவு செய்தது. ஓர் அடைமொழி விடுபட்டதன் விலை அது.

ஆகவே விண்ணப்பத்தில் எழுத வேண்டியவை இவை: எந்தக் கருவி, மாதிரி எப்படித் தயாரிக்கப்பட்டது, எந்தக் கரைப்பானில் எந்தச் செறிவில் கலக்கப்பட்டது, எவ்வளவு நேரம் ஒலியலையால் கலைக்கப்பட்டது, எத்தனை துகள்கள் எண்ணப்பட்டன, எந்த வகைச் சராசரி, பரவல் எவ்வளவு, ஒட்டிய திரள் ஒரு துகளாக எண்ணப்பட்டதா இல்லையா, கோள வடிவமற்ற துகளுக்கு எந்த விட்டம் எடுக்கப்பட்டது. முடிந்தால் இரண்டு முறைகளிலும் அளந்து இரண்டையும் எழுதிவிட்டு, உரிமைக்கோரலில் கட்டுப்படுத்துவது எது என்று ஒன்றைச் சுட்டுங்கள். துகள்கள் நாளாக ஆகத் திரளக்கூடும் என்பதால், தயாரித்த எத்தனையாவது நாளில் அளந்தீர்கள் என்பதும் வேண்டும்.

அளவு மட்டுமன்றி நிலையும் வழக்கைத் தீர்மானிக்கும். அப்ராக்சேன் என்பது அல்புமின் புரதத்தோடு பிணைந்த பாக்லிடாக்சல் நானோதுகள்களைக் கொண்ட புற்றுநோய் மருந்து. அமெரிக்காவில் 2005இல் ஒப்புதல் பெற்றது. மருந்து நானோபடிகங்கள் பற்றிய தன் காப்புரிமையை அது மீறுவதாக எலான் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. எலானின் உரிமைக்கோரலில் மருந்து "படிக" நிலையில் இருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தது. எதிர்த்தரப்போ தன் துகளில் இருப்பது படிகமற்ற நிலை என்றது. சில நானோமீட்டர் அளவில் படிகம் எது, படிகமற்றது எது என்பதில்தான் நிபுணர்கள் மோதினார்கள். 2008இல் ஜூரி எலானுக்குச் சார்பாகச் சுமார் 5.5 கோடி டாலர் இழப்பீடு தர முடிவு செய்தது. வென்ற தரப்பின் காப்புரிமையும் அந்த ஒரு சொல்லால் எவ்வளவு ஆபத்தில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். தேவையில்லாத அடைமொழியை உரிமைக்கோரலில் வைக்காதீர்கள். தேவையானதை வைத்தால், அதைக் கண்டறியும் சோதனையையும் கூடவே எழுதுங்கள்.

உரிமைக்கோரலை அடுக்கடுக்காக எழுதுதல்

காப்புரிமை ஆவணத்தில் எண்ணிட்டு வரும் உரிமைக்கோரல்களே வேலி. மற்ற பக்கங்கள் எல்லாம் அந்த வேலிக்கு விளக்கம். நம் எடுத்துக்காட்டில் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

"100 நானோமீட்டருக்குக் குறைவான துத்தநாக ஆக்சைடு துகள்களைக் கொண்ட ஒளி ஊடுருவும் பூச்சு."

இது பழைய பொருள்களையும் வளைத்துப் பிடிக்கிறது, அதனால் நிற்காது. திருத்தியபின் இப்படி அமையலாம்:

"பிணைப்பியையும் அதில் பரவிய துத்தநாக ஆக்சைடு துகள்களையும் கொண்ட ஒளி ஊடுருவும் பூச்சு, அத்துகள்களின் மேற்பரப்பில், துகளின் எடையில் 3 முதல் 6 விழுக்காடு வரையிலான ஆல்கைல் சிலேன் அடுக்கு உள்ளது, ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் குறைந்தது 300 தனித் துகள்களை அளந்து பெறும் எண்ணிக்கைச் சராசரி விட்டம் 25 முதல் 45 நானோமீட்டர் வரை உள்ளது."

இதன்கீழ், சிலேனின் வகை, பிணைப்பியின் வகை, 30 முதல் 40 வரையிலான இன்னும் குறுகிய எல்லை என்று சார்புக் கோரல்களை அடுக்குங்கள். வெளி வேலி விழுந்தாலும் உள் வேலி நிற்கும். பின்னால் எல்லையைக் குறுக்க வேண்டி வந்தால், அந்தக் குறுகிய எண் முதல் நாள் விண்ணப்பத்திலேயே இருந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் அப்படி இல்லாத எண்ணைப் பிறகு நுழைக்கவே முடியாது.

பொருளைக் கோருவதோடு தயாரிப்பு முறையையும் பயன்பாட்டையும் தனித்தனிக் கோரல்களாக எழுதுங்கள். நானோ துறையில் முறைக்கு இருக்கும் மதிப்பைப் பலர் குறைத்து எடைபோடுகிறார்கள். காட்மியம் இல்லாத குவாண்டம் புள்ளிகளை (சில நானோமீட்டர் அளவுள்ள குறைக்கடத்தித் துகள்கள்) மூலக்கூறுக் கொத்துகளை விதையாகக் கொண்டு வளர்க்கும் முறை பற்றிய காப்புரிமைகளை வைத்துப் பிரிட்டனின் நானோகோ நிறுவனம் 2020இல் சாம்சங் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. 2023இல் அது 15 கோடி டாலருக்குச் சமரசமானது.

ஆனால் முறைக்கான காப்புரிமையை மீறுவதைக் கண்டுபிடிப்பது கடினம். போட்டியாளரின் ஆலைக்குள் நீங்கள் நுழைய முடியாது. எனவே ஒவ்வொரு படிநிலையையும் எடுத்துக்கொண்டு, வெளிச்சந்தையில் வாங்கிய பொருளைச் சோதித்தே அந்தப் படிநிலையின் தடயத்தைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியுமானால் காப்புரிமை கோருங்கள். தடயமே விடாத வெப்பநிலை ஏற்ற இறக்கம், கலக்கும் வேகம், கழுவும் வரிசை போன்றவற்றை வர்த்தக ரகசியமாக வைத்துக்கொள்வது நல்லது. காப்புரிமை 20 ஆண்டில் முடியும், காக்கப்பட்ட ரகசியத்துக்குக் காலவரை இல்லை. ஒன்றை மறக்க வேண்டாம்: அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளில், உங்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்த செய்முறையையும் வெளியிட்டாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எதை மறைக்கலாம் என்பதை முகவரோடு உட்கார்ந்தே முடிவு செய்யுங்கள்.

விவரணப் பகுதியில், துறை அறிந்த ஒருவர் படித்துத் தாமே செய்துபார்க்கும் அளவுக்கு எடுத்துக்காட்டுகள் வேண்டும். எல்லையின் நடுவில் ஒன்று, இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று, எல்லைக்கு வெளியே இருபுறமும் ஒப்பீட்டுக்காக ஒவ்வொன்று என்று குறைந்தது ஐந்து தொகுதிகளாவது செய்து அட்டவணையாகத் தாருங்கள். தோற்றுப்போன தொகுதிகளைக் குப்பையில் போடாதீர்கள். 20 நானோமீட்டரில் மஞ்சளானது என்ற தோல்விதான் 25இல் கிடைத்த வெற்றிக்குச் சாட்சி.

காலக்கணக்கு

முதல் விண்ணப்பம் பதிவான நாள் முன்னுரிமைத் தேதி. 1883ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைப்படி அதிலிருந்து 12 மாதத்துக்குள் மற்ற நாடுகளில் விண்ணப்பித்தால் அந்தத் தேதியே அங்கும் கணக்கில் வரும். பி.சி.டி. எனப்படும் காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை வழியாகப் போனால், முன்னுரிமைத் தேதியிலிருந்து பெரும்பாலும் 30 மாதம் வரை நாடுகளைத் தேர்ந்தெடுக்க அவகாசம் கிடைக்கும். நடுவில் வரும் பன்னாட்டுத் தேடல் அறிக்கை உங்கள் நிலை எவ்வளவு உறுதியானது என்று காட்டிவிடும். சில நாடுகளில் உள்நாட்டில் உருவான கண்டுபிடிப்பை வெளிநாட்டில் பதிவு செய்ய முன் அனுமதி வேண்டும். அதைத் தவறவிட்டால் உள்நாட்டு உரிமையே பறிபோகலாம்.

இந்த 12 மாதம் நானோ ஆய்வாளருக்கு மிகவும் அருமையானது. முதல் விண்ணப்பத்தில் இல்லாத அளவெல்லை, வேறு சிலேன், இரண்டாவது அளவீட்டு முறை ஆகியவற்றை இந்தக் காலத்தில் செய்துமுடித்து இறுதி விண்ணப்பத்தில் சேர்க்கலாம். அப்படிச் சேர்த்தவற்றுக்கு மட்டும் புதிய தேதி பொருந்தும். அந்த இடைவெளியில் முதல் முடிவைக் கட்டுரையாக வெளியிட்டுவிட்டால், பிறகு சேர்ப்பவற்றுக்கு உங்கள் கட்டுரையே தடையாக வரும் என்பதால், கூடியவரை இறுதி விண்ணப்பம் வரை கட்டுரையை நிறுத்திவையுங்கள்.

பிறர் உரிமையின் குறுக்கே

காப்புரிமை என்பது பிறரைத் தடுக்கும் உரிமை. செய்வதற்கான அனுமதிச் சீட்டாக அதைக் கருதக் கூடாது. நானோ துறையில் இந்த வேறுபாடு கூர்மையானது. மற்றப் பல துறைகளில் அடிப்படைக் கட்டுமானப் பொருள்கள் பொதுச் சொத்தாக இருந்து, அவற்றின் மேல் கட்டியவற்றுக்குக் காப்புரிமை கேட்கப்பட்டது. இங்கே துகள், குழாய், புள்ளி, அவற்றைப் பார்க்கும் கருவி எல்லாமே தொடக்கத்திலேயே காப்புரிமைக்குள் போயின. பரப்பிலுள்ள அணுக்களைக் காட்டும் வருடு சுரங்கவழி நுண்ணோக்கிக்கு ஐ.பி.எம். நிறுவனம் 1982இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றது, அதைக் கண்டவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்ததோ 1986இல்தான். அந்தத் தொடக்கக் காலக் காப்புரிமைகள் பலவும் காலாவதியாகிவிட்டன. ஆயினும் மேற்பூச்சு, பிரித்தெடுப்பு, கலப்பு ஆகியவற்றில் வேலிகள் இன்னும் நெருக்கமாகவே நிற்கின்றன.

எனவே உற்பத்திக்குப் பணம் போடும் முன், உங்கள் பொருளை மூலப்பொருள், துகள், மேற்பூச்சு, பரப்பும் முறை, இறுதிப் பயன் என்று பகுதிகளாகப் பிரித்து, விற்கப்போகும் ஒவ்வொரு நாட்டிலும் உயிரோடிருக்கும் காப்புரிமைகளைப் பகுதிவாரியாகத் தேடுங்கள். விண்ணப்ப நிலையிலுள்ள ஆவணத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வழங்கப்பட்ட உரிமைக்கோரலைப் படியுங்கள், ஆண்டுக் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று பதிவேட்டில் பாருங்கள். தடை தெரிந்தால் உரிமம் வாங்கலாம், சொல்லப்பட்ட எல்லைக்கு வெளியே உங்கள் செய்முறையை நகர்த்தலாம், அல்லது அந்தக் காப்புரிமையின் செல்லுபடியையே எதிர்க்கலாம். ஆராய்ச்சிக்காகத்தானே பயன்படுத்துகிறோம் என்ற வாதம் எல்லா நாட்டிலும் எடுபடாது. அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றுக்குப் பிறகு, பல்கலைக்கழக ஆய்வகத்துக்கும் அந்தப் பாதுகாப்பு மிகக் குறுகியது.

முப்பதாவது மாதம் நெருங்கும்போது இன்னொரு வேலை காத்திருக்கும். அப்போது ஆலையில் உண்மையில் தயாராகிக்கொண்டிருக்கும் பூச்சிலிருந்து ஒரு மாதிரியை எடுத்து, விண்ணப்பத்தில் எழுதிய அதே கருவியில், அதே முறையில், அதே எண்ணிக்கைத் துகள்களை எண்ணி அளந்துபாருங்கள். இரண்டரை ஆண்டில் செய்முறை நகர்ந்து சராசரி விட்டம் 52 ஆகியிருந்தால், நாடு நாடாகக் கட்டணம் கட்டப்போகும் உரிமைக்கோரல் உங்கள் சொந்தப் பொருளையே காக்கவில்லை என்று பொருள். எந்த நாட்டுக்கும் பணம் அனுப்பும் முன், நகர்ந்துபோன அந்தச் செய்முறையில் புதிய விளைவு ஏதேனும் உண்டா என்று பார்த்து, இருந்தால் அதற்குத் தனி விண்ணப்பம் எழுதத் தொடங்குங்கள்.